முற்றத்து வெயிலும் கூடத்து நிழலும்: எச்.டி.ஆர். மென்பொருளை எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் எச்.டி.ஆர். ஒளிப்படங்களை, அதாவது ஒரே காட்சியைப் பல ஒளியளவுகளில் எடுத்து ஒன்றாகச் சேர்க்கும் படங்களை, உருவாக்கும் மென்பொருள்கள் குறித்து வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். இந்தப் பொருளுக்குத் தமிழில் ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் கட்டுரை மென்பொருள்களை விலை வரிசையில் அடுக்கி, விலை கூடியதே சிறந்தது என்ற எண்ணத்தை வாசகர் மனத்தில் விதைத்துவிட்டது. கூடவே அச்சான மாதிரிப் படத்தில் சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்தின் செங்கல் குங்குமச் சிவப்பாகவும், வானம் மயில்கழுத்து நீலமாகவும் இருந்தன. கலங்கரை விளக்கக் கோபுரத்தைச் சுற்றி ஒரு வெள்ளை விளிம்பு ஓடியது. பாரிமுனையில் அன்றாடம் பஸ் ஏறுகிறவர்கள் யாரும் அந்தக் கட்டடத்தை அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள். இந்த இரண்டையும் பற்றி நான் சொல்ல வேண்டியது நிறைய இருப்பதால், கடிதம் நீண்டாலும் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

நான் திருவல்லிக்கேணியில் வசிக்கிறேன். சென்னையின் பழைய வீடுகளை, அவை இடிபடுவதற்கு முன்பு, உள்ளும் புறமும் ஒளிப்படமாகப் பதிவு செய்வது என் தொழில். பார்த்தசாரதி கோயில் குளத்தைச் சுற்றியுள்ள தெருக்கள், மயிலாப்பூர் மாட வீதிகள், ஜார்ஜ் டவுன் சந்துகள் என்று எங்கிருந்து அழைப்பு வந்தாலும் நிலைமை ஏறக்குறைய ஒன்றுதான். பாகப்பிரிவினை முடிந்திருக்கும். கட்டுமான நிறுவனத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்கும். காலி செய்யச் சில வாரங்களே தவணை இருக்கும். அந்த நேரத்தில் வீட்டில் யாருக்காவது, பெரும்பாலும் வெளியூரிலிருந்து வந்திருக்கும் மகளுக்கோ கூடத்திலேயே படுத்து வளர்ந்த பேரனுக்கோ, இதைப் படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றும். "இருக்கிற மாதிரியே வேண்டும்" என்பது அவர்கள் வைக்கும் ஒரே நிபந்தனை. அந்த நிபந்தனையை நிறைவேற்ற எது உதவுகிறதோ அதுதான் எனக்கு நல்ல மென்பொருள். அதன் விலையோ புகழோ எனக்கு இரண்டாம் பட்சம்.

இந்த வீடுகளின் வெளிச்சம் கேமராவுக்கு மிகவும் கடினமானது. நடுவில் திறந்த முற்றம். நண்பகலில் அதன் தரையில் விழும் நேர்வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). தாழ்வாரத்தைத் தாண்டிக் கூடத்தின் உள்மூலைக்குப் போனால் 50 லக்ஸ் இருப்பதே பெரிது. ஒரே படத்துக்குள் வெளிச்சம் 2,000 மடங்கு மாறுகிறது. ஒளிப்படக்காரர்கள் இதை ஸ்டாப் கணக்கில் சொல்வார்கள். ஒவ்வொரு ஸ்டாப்பும் ஒளியை இரட்டிப்பாக்கும். 2,000 மடங்கு என்றால் 11 ஸ்டாப். அதோடு கணக்கு முடிவதில்லை. வெயிலில் நிற்பது சுண்ணாம்புச் சுவர். இருட்டில் நிற்பது எண்ணெய் ஏறிக் கறுத்த தேக்குத் தூண். வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். கறுத்த மரமோ நூறில் மூன்று பங்கு திருப்பினாலே அதிகம். அதற்கு இன்னும் ஐந்து ஸ்டாப் சேர்த்தால் 16 ஆகிறது. இன்றைய மிகச் சிறந்த கேமராக்கள் ஆய்வுக்கூடக் கணக்கில் 14, 15 ஸ்டாப் வரை எட்டுகின்றன. நடைமுறையில் நிழலின் கடைசிப் பகுதி நாய்ஸ் என்னும் புள்ளிக் கூட்டமாகத்தான் கிடைக்கும். ஆகவே முற்றத்துக்கு ஒளியளவு (எக்ஸ்போஷர்) வைத்தால் கூடம் கரிப்பட்டுப் போகும். கூடத்துக்கு வைத்தால் முற்றம் வெள்ளைத் தாளாகிவிடும். இந்த இடத்தில்தான் பல ஒளியளவுகளில் எடுத்து ஒன்றுசேர்க்கும் எச்.டி.ஆர். முறை தேவைப்படுகிறது.

மென்பொருளுக்குப் போவதற்கு முன் எடுக்கும் முறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கட்டுரை இதை ஒரே வரியில் தாண்டிவிட்டது. முக்காலியில் கேமராவை நிறுத்தி, ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) 100, அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 8, வெண்சமநிலை (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிற அமைப்பு), குவியம் எல்லாவற்றையும் பூட்டிவிட்டு, ஒளி விழும் நேரத்தைத் தீர்மானிக்கும் ஷட்டரை மட்டும் மாற்ற வேண்டும். முற்றம் வைத்த வீட்டில் நான் 1/500 வினாடியில் தொடங்கி 1/125, 1/30, 1/8, 1/2, 2 வினாடி என்று இரண்டிரண்டு ஸ்டாப்பாக இறங்குவேன். அபெர்ச்சரை மாற்றினால் குவிய ஆழம் மாறிப் படங்கள் ஒன்றோடொன்று பொருந்தாது. கேமரா சுருக்கித் தரும் ஜேபெக்கில் எடுக்காமல், கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுக்க வேண்டும். ஜேபெக் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 8 பிட்தான் வைத்துக்கொள்ளும். ரா 12 அல்லது 14 பிட் வைத்திருக்கும் (பிட் கூடினால் வெளிச்சப் படிகளும் கூடும்). மின்விசிறியை நிறுத்த வேண்டும். கொடியில் உலரும் துணியை எடுத்துவிட வேண்டும். குழல்விளக்கு, மலிவான எல்.இ.டி. பல்பு இரண்டையும் அணைப்பது நல்லது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அவை வினாடிக்கு 100 முறை துடிக்கும். 1/125, 1/500 போன்ற வேகங்களில் அந்தத் துடிப்பின் ஏதோ ஒரு துண்டு மட்டும் பதிந்து, படத்துக்குப் படம் நிறமும் பட்டையும் மாறும். இவ்வளவும் சரியாக இருந்தால் எந்த மென்பொருளும் ஓரளவு நல்ல படத்தைத் தந்துவிடும். இவை தவறினால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதும் காப்பாற்றாது.

இனி மென்பொருள். சந்தையில் எத்தனை பெயர்கள் இருந்தாலும் அடிப்படையில் வழிகள் இரண்டுதான். எதை வாங்குவது என்று கேட்பதற்கு முன் இந்த இரண்டில் தனக்கு எது தேவை என்று ஒருவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் வழி, எல்லாப் படங்களிலிருந்தும் அந்த இடத்தின் உண்மையான ஒளி அளவுகளைக் கணக்கிட்டு ஒரே கோப்பில் சேர்ப்பது. இதற்கான முறையை 1997-இல் பால் டெபெவெக், ஜிதேந்திர மாலிக் ஆகிய இருவரும் ஓர் ஆய்வுக் கட்டுரையில் வகுத்துக் கொடுத்தார்கள். மாலிக் கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தவர் என்பதை நம் மாணவர்கள் அறிந்துகொள்வது நல்லது. அப்படிச் சேர்த்த கோப்பை எந்தத் திரையும் எந்தக் காகிதமும் முழுதாகக் காட்ட முடியாது. அதனால் அதைச் சுருக்க வேண்டும். அந்தச் சுருக்கலுக்குத்தான் டோன் மேப்பிங் என்று பெயர். கூட்டுக் குடும்பம் வாழ்ந்த வீட்டின் சாமான்களை இரண்டு படுக்கையறை அடுக்ககத்துக்கு மாற்றுகிற வேலை இது. எதை வைப்பது, எதை மடிப்பது, எதை விட்டுவிடுவது என்று யாராவது முடிவு செய்துதான் ஆக வேண்டும். அந்த முடிவை மென்பொருளை எழுதியவர் செய்கிறாரா, படம் எடுத்தவர் செய்கிறாரா என்பதுதான் என் பார்வையில் ஒரு மென்பொருளுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள முக்கிய வேறுபாடு.

இரண்டாவது வழி எக்ஸ்போஷர் ஃப்யூஷன். 2007-இல் மெர்டென்ஸ், கௌட்ஸ், வான் ரீத் ஆகிய மூவர் முன்வைத்தது. இதில் ஒளி அளவைக் கணக்கிடும் வேலையே இல்லை. ஒவ்வொரு படத்திலும் எந்தப் பகுதி தெளிவாகவும், நிறம் செறிவாகவும், நடுத்தர வெளிச்சத்திலும் வந்திருக்கிறது என்று பார்த்து, அந்தந்தப் பகுதிக்கு எடை கொடுத்துக் கலக்கிவிடும். முற்றத்தை 1/500-இலிருந்தும், தாழ்வாரத்தை 1/30-இலிருந்தும், கூடத்து மூலையை 2 வினாடிப் படத்திலிருந்தும் எடுத்துக்கொள்ளும். வெள்ளை விளிம்பு பெரும்பாலும் வராது. சில சமயம் படம் சற்றுத் தட்டையாக இருக்கும். அதை வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் வளைகோடு (கர்வ்ஸ்) கொண்டு ஒரு நிமிடத்தில் சரிசெய்யலாம்.

டோன் மேப்பிங்கிலும் பல கணக்கீடுகள் உண்டு. அவற்றை உருவாக்கியவர்களின் பெயரிலேயே பட்டியலில் பார்க்கலாம். ரெய்ன்ஹார்ட் 2002-இல் தந்தது, அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ் கையாண்ட, கறுப்பு முதல் வெள்ளை வரை வெளிச்சத்தைப் பல மண்டலங்களாகப் பிரித்துப் பார்க்கும் மண்டல முறையை அடிப்படையாகக் கொண்டது. அது பழைய பிலிம் பிரதி போல அமைதியாக இருக்கும். 2006-இல் வந்த மான்டியுக் முறை ஒவ்வொரு சொரசொரப்பையும் தூக்கிக் காட்டும். கருங்கல் சிற்பத்துக்கு அதைக் கொஞ்சமாகப் பயன்படுத்தலாம். ஒரு முதியவரின் முகத்தில் பயன்படுத்தவே கூடாது. பக்கத்துப் பகுதியோடு ஒப்பிட்டு ஒவ்வோர் இடத்தையும் தனித்தனியே வெளிச்சமாக்கும் கணக்கீடுகளை எல்லை வரை முறுக்கும்போதுதான் கட்டட விளிம்பில் வானம் வெளுத்து, தாங்கள் அச்சிட்ட படத்தில் கண்ட அந்த வளையம் தோன்றுகிறது. அது மென்பொருளின் குறையாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. பல மென்பொருள்களில் முதல் திறப்பிலேயே காட்டப்படும் தயார்நிலை அமைப்புகள் (பிரீசெட்), பார்த்தவுடன் வாய்பிளக்க வைப்பதற்காக மிகையாக வைக்கப்பட்டவை. வாங்கப் போகிறவர் அவற்றை வைத்தே மென்பொருளை மதிப்பிடுகிறார் என்பதுதான் என் கவலை.

இதை நான் வெறும் ரசனைப் பிரச்சினையாகப் பார்க்காததற்குக் காரணம் உண்டு. எங்கள் பகுதியில் ஒரு வீட்டை விற்பனை விளம்பரத்துக்காக வேறொருவர் ஏற்கெனவே படமெடுத்துப் போயிருந்தார். நான் போனபோது அந்தப் படங்களின் அச்சுப் பிரதி கூடத்து அலமாரியில் இருந்தது. எண்பது வயதைக் கடந்த அந்த வீட்டு அம்மா அதை எடுத்து என்னிடம் நீட்டி, "இது யார் வீட்டுச் சமையலறை என்று பாரம்மா" என்றார். அது அவருடைய சமையலறைதான். மூன்று தலைமுறை விறகடுப்புப் புகை படிந்து கன்னங்கரேலென்றிருந்த சுவர், படத்தில் சாம்பல் நிறமாகி, ஒவ்வொரு விரிசலும் கோடு போட்டது போல எழும்பி நின்றது. விளக்கு மாடக்குழி பகல் வெளிச்சத்தில் இருப்பது போல உள்ளே வரை தெரிந்தது. அந்தக் குழி அவர் வாழ்நாளில் ஒரு நாளும் அப்படித் தெரிந்ததில்லை. விளக்கேற்றினால்தான் அதற்குள் இருக்கும் சின்னப் பித்தளை விக்கிரகத்தின் முகம் தெரியும் என்று அவர் சொன்னார். அந்த வீடு இப்போது இல்லை. படத்தில் இருப்பதுதான் இனி அந்தக் குடும்பத்தின் குழந்தைகளுக்கு அந்த வீடு. இருட்டும் அந்த வீட்டின் ஒரு பகுதி. அதைத் துடைத்துவிட மென்பொருளுக்கு உரிமை இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதனால் நான் ஒரு மென்பொருளைச் சோதிக்கும்போது அது நிழலில் எவ்வளவு விவரத்தைத் தோண்டி எடுக்கிறது என்று பார்ப்பதில்லை. நிழலை நிழலாக விட்டுவிட்டு, அதற்குள் கண்ணுக்குத் தெரிந்த அளவு விவரத்தை மட்டும் வைக்க இடம் தருகிறதா என்று பார்ப்பேன். வெள்ளைச் சுவர் வெள்ளையாக நிற்கிறதா, நீலமோ மஞ்சளோ ஏறுகிறதா என்று பார்ப்பேன். செங்காவித் தரையின் சிவப்பு வெயிலிலும் நிழலிலும் ஒரே தரையாகத் தெரிகிறதா என்று பார்ப்பேன். விற்பனைப் பக்கத்தில் காட்டும் மலைச்சிகரப் படத்தில் இவை எதுவும் தெரியாது. எனவே வாங்க நினைப்பவர்கள் தாங்கள் எடுத்த படங்களையே, அதுவும் தங்களுக்கு மிகவும் பழக்கமான இடத்தின் படங்களையே கொண்டு சோதிக்க வேண்டும். ஃபோட்டோமேட்டிக்ஸ் என்ற எச்.டி.ஆர். மென்பொருளின் சோதனைப் பதிப்பில் படத்தின் மேல் எழுத்து முத்திரை விழும். சோதிக்க அது தடையில்லை.

கட்டுரையில் இடம்பெற்ற பெயர்களைப் பற்றியும் இடம்பெறாதவற்றைப் பற்றியும் என் அனுபவத்தைச் சொல்கிறேன். ஏற்கெனவே அடோபியின் லைட்ரூம் என்னும் படத் திருத்த மென்பொருளுக்குச் சந்தா கட்டிக்கொண்டிருப்பவர் தனியாக எதையும் வாங்க வேண்டாம். 2015 முதல் அதற்குள்ளேயே படங்களைச் சேர்க்கும் வசதி இருக்கிறது. அது ரா கோப்புகளைச் சேர்த்து மறுபடியும் ரா போன்ற ஒரு டி.என்.ஜி. கோப்பைத் தருகிறது. பகட்டு எதையும் தானாகச் சேர்ப்பதில்லை. எக்ஸ்போஷரைப் பத்து ஸ்டாப் வரை ஏற்றவும் இறக்கவும் முடிகிறது. மீதி முடிவெல்லாம் நம் கையில். அதன் இயல்பான தோற்றம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரே நாளில் பத்து அடுக்ககங்களைப் படமெடுத்து மறுநாள் காலையில் கொடுக்க வேண்டியவருக்கு ஃபோட்டோமேட்டிக்ஸ் பொருத்தமானது. நூற்றுக்கணக்கான படங்களைத் தொகுதி தொகுதியாகத் தானே பிரித்துச் சேர்த்துவிடும். ஃப்யூஷன், டோன் மேப்பிங் இரண்டும் அதில் உண்டு. அசைந்த பொருள் சேர்த்த படத்தில் இரட்டையாகத் தெரியும் பேய்ப்பிம்பத்தை நாமே வட்டமிட்டுக் காட்டி நீக்கலாம். கூடத்துக்குள் பூனை ஓடிய படங்களை அது எனக்குக் காப்பாற்றித் தந்திருக்கிறது.

காசே செலவழிக்க முடியாதவர்களைப் பற்றிக் கட்டுரை பேசவே இல்லை. அவர்கள்தான் நம் வாசகர்களில் அதிகம். ஹுகின் என்ற இலவச மென்பொருளை நிறுவினால் அதோடு என்ஃப்யூஸ் வந்துவிடும். மேலே சொன்ன ஃப்யூஷன் முறையை அப்படியே செய்வது அதுதான். படங்கள் சற்று நகர்ந்திருந்தால் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திக் கொடுக்கும் சிறு நிரலும் அதிலேயே உண்டு. அகச்சுவர், ஜன்னல், முற்றம் எடுக்கிறவருக்கு இதற்கு மேல் எதுவும் தேவைப்படாது என்று துணிந்து சொல்வேன். டோன் மேப்பிங்கின் பல கணக்கீடுகளை ஒரே படத்தில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க விரும்பும் மாணவருக்கு லூமினன்ஸ் எச்.டி.ஆர். இருக்கிறது, இதைவிடச் சிறந்த பாடப் புத்தகம் கிடையாது. ரா கோப்புகளை மட்டும் சேர்த்து டி.என்.ஜி.யாகத் தருவதற்கு எச்.டி.ஆர்.மெர்ஜ், அதைத் திறந்து திருத்துவதற்கு ரா தெரபி அல்லது டார்க்டேபிள். இவை அனைத்தும் இலவசம், அனைத்தும் மூலநிரல் திறந்தவை, விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடுபவை.

குறையில்லாதது எதுவும் இல்லை. டார்க்டேபிள் தானே படங்களைச் சேர்க்கும்போது அவற்றைப் பொருத்திப் பார்ப்பதில்லை. முக்காலி இம்மி அசைந்தாலும் படம் இரட்டையாகிவிடும். எச்.டி.ஆர்.மெர்ஜ் பக்கவாட்டு நகர்வைச் சரிசெய்யும். கேமரா சாய்ந்திருந்தால் சரிசெய்யாது. மாமல்லபுரம், காஞ்சி கைலாசநாதர் கோயில் போன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் முக்காலி வைக்க முன் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் கையில் பிடித்து எடுக்கிறவருக்குப் பொருத்தும் திறன் மிக முக்கியம். அவர் லைட்ரூமையோ ஹுகினையோ நாட வேண்டும். வீட்டுக்குள் முக்காலி வைத்து எடுக்கும் எனக்கு அது ஒரு பொருட்டே அல்ல. ஒரே மென்பொருள் எல்லாருக்கும் பொருந்தாது என்று நான் சொல்வதன் பொருள் இதுதான்.

விலையைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நிக் நிறுவனத்தின் எச்.டி.ஆர். எஃபெக்ஸ் புரோவை விரும்பிப் பயன்படுத்தியவர்கள் நம் ஊரில் பலர் உண்டு. அந்த நிறுவனத்தை 2012-இல் கூகுள் வாங்கியது. 2016-இல் மென்பொருளை இலவசமாக்கியது. 2017-இல் அதை டி.எக்ஸ்.ஓ. என்ற நிறுவனம் வாங்கியது, அதன் பிறகு வந்த பதிப்புகள் மறுபடியும் விலைக்கு வந்தன. அரோரா எச்.டி.ஆர். 2015-இல் பெரும் விளம்பரத்தோடு வந்து 2019 பதிப்போடு நின்றுபோயிற்று. அதைத் தயாரித்தவர்கள் இப்போது லூமினார் நியோவுக்குள் அந்த வசதியை வைத்து விற்கிறார்கள். நிறுவனங்கள் கைமாறுவது அவர்களது வணிகம். ஆனால் இருபது ஆண்டுகள் கழித்து ஒரு குடும்பம் வந்து "அந்தப் படத்தை மறுபடி பெரிதாக அச்சிட்டுத் தாருங்கள்" என்று கேட்டால் நான் கொடுக்க வேண்டும். அதனால் எந்த மென்பொருளில் வேலை செய்தாலும் மூல ரா கோப்புகள் அனைத்தையும், இறுதிப் படத்தைத் தரம் குறையாத 16 பிட் டிஃப் வடிவிலும் பாதுகாக்கிறேன். சேர்த்த கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அழித்துவிடுகிறவர்கள் தயவுசெய்து அதை நிறுத்த வேண்டும்.

அடுத்தது சொல்லக் கசப்பானது. விலை உயர்ந்ததுதான் சிறந்தது என்று எழுதினால் கல்லூரி மாணவர் என்ன செய்கிறார்? பூட்டுடைத்த பிரதியைத் தேடிப் போகிறார். எனக்குத் தெரிந்த ஒரு மாணவி அப்படி ஒன்றை நண்பரிடமிருந்து வாங்கித் தன் மடிக்கணினியில் நிறுவினாள். அதோடு வந்த தீநிரல், அவள் ஓராண்டு காலம் வட சென்னையின் மீனவக் குப்பங்களில் எடுத்த படங்கள் மொத்தத்தையும் திறக்க முடியாதபடி பூட்டிவிட்டது. காசிமேட்டின் விடியற்காலைகள் அத்தனையும் போயின. அந்தப் பெண் எடுத்த படங்களில் எனக்கு நினைவிருப்பவை சில, எந்தப் போட்டியிலும் பரிசு பெறத் தக்கவை. இலவசமாகவும் நேர்மையாகவும் கிடைக்கிற ஒன்று அதே வேலையைச் செய்யும் என்று தமிழில் யாராவது அவளுக்கு முன்னதாகச் சொல்லியிருக்க வேண்டும். நாளிதழைவிட அதைச் சொல்லத் தகுந்த இடம் எது?

எல்லாவற்றுக்கும் எச்.டி.ஆர். வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. மெரினாவில் சூரியோதயத்துக்கு இது அநேகமாக வேண்டாம். அலை ஒவ்வொரு படத்திலும் வேறிடத்தில் இருக்கும். சேர்த்தால் நுரை குழம்பும். ஒரே ரா கோப்பைச் சற்று இருட்டாக எடுத்து நிழலை உயர்த்தினாலே போதுமானது. கைப்பேசியில் எடுக்கிறவர்கள் தனி மென்பொருளைத் தேட வேண்டியதே இல்லை. கூகுளின் முறை, இருட்டாக எடுத்த பல படங்களைக் கண்ணிமைக்கும் நேரத்தில் அடுக்கிச் சேர்த்துவிடுகிறது. ஐபோனில் இந்த வசதி 2010 முதலே இருக்கிறது. கைப்பேசி தானாகவே செய்துவிட்ட படத்தை மறுபடி ஒரு மென்பொருளில் போட்டு எச்.டி.ஆர். ஆக்குவது பலருக்கு வழக்கமாகிவிட்டது. தாங்கள் அச்சிடும் வாசகர் படங்களிலும் அதன் அடையாளத்தைப் பார்க்கிறேன்.

பல படங்களைச் சேர்ப்பதே ஏமாற்று வேலை, ஒரே சொடுக்கில் விழுவதுதான் உண்மையான படம் என்று வாதிடுகிற மூத்த கலைஞர்களும் உண்டு. அவர்கள்மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1850-களில் பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று எடுத்து இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டார். அதே காலத்தில் நம் மதராஸ் மாகாணத்தின் அரசு ஒளிப்படக்காரராக இருந்த லின்னேயஸ் ட்ரைப் மதுரையையும் தஞ்சையையும் காகித நெகட்டிவில் பதிந்தார். அன்றைய வேதிப்பொருள் நீலத்துக்கு மட்டுமே கூர்மையாக வினை புரியும் என்பதால் வானம் வெளிறிப்போகும். ட்ரைப் தம் நெகட்டிவ்கள் சிலவற்றில் மேகங்களைக் கையால் தீட்டிச் சேர்த்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்துக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒட்டி நீண்ட ஒரே படமாக்கினார். சேர்ப்பது நம் மண்ணில் ஒளிப்படத்தின் தொடக்கக் காலத்திலேயே நடந்திருக்கிறது. கல்வெட்டுப் படத்தைச் சேர்த்ததற்காக ட்ரைப்பை நான் வணங்குகிறேன். தீட்டிய மேகத்தைப் பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. என் மென்பொருள் விஷயத்திலும் அதே கோட்டைத்தான் போட்டுக்கொள்கிறேன்: அங்கே இருந்த ஒளியைச் சேர்க்கலாம், இல்லாததைத் தீட்டக் கூடாது.

தங்களிடம் சில வேண்டுகோள்கள். வாசகர் படங்களை வெளியிடும்போது, அது பல ஒளியளவுகளில் எடுத்துச் சேர்த்த படமானால் அந்த விவரத்தையும் பயன்படுத்திய மென்பொருளின் பெயரையும் படத்துக்குக் கீழே ஒரு வரியில் போடுங்கள். கற்றுக்கொள்ள விரும்புகிறவருக்கு அது பெரிய உதவி. இரண்டாவதாக, ஹுகின், டார்க்டேபிள் போன்ற இலவச மென்பொருள்களைத் தமிழில் படிப்படியாக விளக்கும் தொடர் ஒன்றை வெளியிட வேண்டும். அரசுக் கவின்கலைக் கல்லூரி மாணவர்களும், மாவட்டங்களில் திருமணப் படம் எடுத்துப் பிழைக்கும் இளைஞர்களும் அதைக் கத்தரித்து வைத்துக்கொள்வார்கள். எழுத ஆள் வேண்டுமென்றால் என்னால் இயன்றதைச் செய்கிறேன். மூன்றாவது, அச்சு பற்றியது. செய்தித்தாளின் காகிதம் முழு வெள்ளை அல்ல, அதில் விழும் மையும் முழுக் கறுப்பு அல்ல. திரையில் நன்றாகத் தெரிகிற நிழல் விவரம் தாளில் சேறாகிவிடுகிறது. எந்த வண்ண வரையறையில், எந்த அளவு கறுப்பில் படம் அனுப்ப வேண்டும் என்று தங்கள் அச்சகத்தார் ஒரு குறிப்பு வெளியிட்டால், அனுப்புகிறவர்கள் அதற்கேற்ப மென்பொருளில் சுருக்கித் தருவார்கள்.

இத்துடன் ஒரே கூடத்தின் இரண்டு படங்களை இணைத்திருக்கிறேன். ஒரே ரா கோப்புகளிலிருந்து உருவானவை. ஒன்று என்ஃப்யூஸ் தந்தது, மற்றொன்று ஒரு தயார்நிலை அமைப்பை அப்படியே போட்டது. வெளியிடுவதானால் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே அளவில், அச்சுப் பிரிவில் எந்தத் திருத்தமும் செய்யாமல் வெளியிட வேண்டுகிறேன். வீட்டாரின் எழுத்து ஒப்புதல் என்னிடம் இருக்கிறது. தெருவின் பெயரும் கதவு எண்ணும் வர வேண்டாம் என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள். சன்மானம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
பழைய வீடுகளைப் பதிவு செய்யும் ஒளிப்படக் கலைஞர்,
திருவல்லிக்கேணி, சென்னை – 600 005.